குழாய்த் துளையில் ஒரு குடித்தனம்

ஏப்ரல் 27, ஞாயிறு

இந்த நோட்டை வாங்கியது இரத்த அழுத்தத்தைக் குறித்து வைப்பதற்காக. இன்று காலை 158/98. அன்றன்று நடந்ததையும் இரண்டு வரி எழுதிவைக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். எதனால் ஏறுகிறது என்று கண்டுபிடிக்கலாமாம். எதனால் ஏறுகிறது என்று எனக்கு எட்டு வருடமாகத் தெரியும். எங்கள் வீட்டுக்கு மேற்கே, அடுத்த வீட்டில் குடியிருக்கிறது. பெயர் ஆறுமுகநயினார். ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர்.

லூர்து கொத்தனார் வந்து இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சுவரை அளந்தார். இப்போது நாலடி உயரம். எனக்கு எட்டடி வேண்டும்.

"நாலடி மேல நாலடி ஏத்துனா காத்துக்கு நிக்காது சார். பழச முழுசா எடுத்துட்டு அஸ்திவாரத்துல இருந்துதான் வரணும்."

சுவர் நிற்பது என் மனைக்குள். பத்திரம் இருக்கிறது. இடித்துக்கொள்ளச் சொன்னேன். காந்திமதி உள்ளேயிருந்து காலண்டரோடு வந்தாள். வைகாசி இருபத்தொன்று வாஸ்து நாள், அதாவது ஜூன் 4, அன்றைக்குத்தான் கை வைக்க வேண்டும் என்றாள். ஒரு காம்பவுண்டுச் சுவருக்கு எதற்கு வாஸ்து என்று கேட்டேன்.

"அஸ்திவாரம் தோண்டுதியள்லா? பெறகென்ன. அதுவும் இவ்வளவு கோவத்துல கட்டுத செவரு. நாளாவது நல்ல நாளா இருக்கட்டும்."

இவள் பிறந்தது இந்தப் பாளையங்கோட்டையில். இந்த ஊர்க்காரர்களுக்குக் குத்திப் பேசுவது தண்ணீர் குடிப்பது மாதிரி. நான் காஞ்சிபுரத்துக்காரன். இங்கே இருபத்தாறு வருடம் இருந்தும் பழகவில்லை.

மே 3, சனி

152/96.

நடுச்சுவரில் ஒரு துளை உண்டு. வீடு கட்டிய புதிதில் இரண்டு வீட்டுக்கும் ஒரே ஆழ்துளைக் கிணறு. அதன் குழாய் போன வழி. பிறகு நான் தனியாகக் கிணறு போட்டுக் குழாயைப் பிடுங்கிவிட்டேன். அவர் தன் பக்கத்து வாயை ஒரு செங்கல் துண்டால் அடைத்துக்கொண்டார். என் பக்கம் திறந்தே கிடக்கிறது, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில்.

இன்று காலை பல் தேய்க்கும்போது சாம்பல் நிறப் பறவை ஒன்று தேங்காய் நாரைக் கவ்விக்கொண்டு அந்தத் துளைக்குள் போனது. வாலை நிமிர்த்தி வைத்திருந்தது. அரை மணி நேரத்தில் பதினொரு தடவை. எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை. பல் தேய்க்க அவ்வளவு நேரம் ஆயிற்று.

மே 5, திங்கள்

இன்னொன்றும் இருக்கிறது. கறுப்பும் வெள்ளையுமாக, பளபளவென்று. வேலை ஒன்றும் செய்வதில்லை. நயினார் வீட்டு முருங்கை உச்சியில் உட்கார்ந்து பாடுகிறது. கூடு கட்டுவதெல்லாம் சாம்பல் நிறத்தது. உழைப்பு ஒருவருக்கு, மேடை இன்னொருவருக்கு. நானும் நயினாரும் வேலை பார்த்த கல்லூரியின் நடைமுறை.

ஆனால் பாட்டு நன்றாக இருக்கிறது. ஒரே அடியைத் திரும்பப் பாடாது. ஒவ்வொரு தடவையும் முடிவில் ஏதாவது மாற்றிவிடுகிறது. வேண்டுமென்றே செய்கிறதா, மறந்துபோகிறதா?

மே 7, புதன்

நான் கேட்கவில்லை. காந்திமதி தானாகத்தான் வந்து சொன்னாள்.

"குண்டுகரிச்சானாம். கறுப்பு ஆம்பள, சாம்பல் பொம்பள. வடிவக்கா சொன்னா."

சங்கரவடிவு, நயினாரின் மனைவி. பெண்கள் இருவரும் பேச்சை நிறுத்தவே இல்லை. எட்டு வருடமாகக் கொடியில் துணி காயப்போடுகிற சாக்கில் சுவரின் மேல் முழங்கையை ஊன்றி நின்று பேசுகிறார்கள். சுவர் எட்டடி ஆனால் எப்படிப் பேசுவீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "போன் எதுக்கு இருக்கு" என்றாள்.

"வடிவக்காவுக்குக் குருவி பெயரெல்லாம் தெரியுமா?"

"அவளுக்குத் தெரியாது. அவ வீட்டுல ஒருத்தர் இருக்காருல்லா."

மே 11, ஞாயிறு

பெண் பறவை பகல் முழுக்க அதிகம் வெளியே வரவில்லை. முட்டையிட்டிருக்க வேண்டும். வாசல் என் பக்கம் இருக்கிறது, ஆனால் உள்ளே இருட்டு, ஒன்றும் தெரியவில்லை. டார்ச் அடித்தால் பயந்துவிடும்.

மாலை காந்திமதி சொன்னாள்: "அஞ்சு முட்டையாம். பச்சையும் நீலமுமா, மேல காப்பிப்பொடி தூவுனாப்ல புள்ளியாம்."

அது கொஞ்சம் பறந்துபோன நேரம் பார்த்து நயினார் தன் பக்கச் செங்கல் துண்டை ஒரே ஒரு முறை நகர்த்திப் பார்த்தாராம். சுவர் என்னுடையது, துளை என்னுடையது, முட்டையை எண்ணுவது அவர். தேர்வுக் கட்டுப்பாட்டாளர் பதவி போய் மூன்று வருடம் ஆகியும் உறை பிரித்துப் பார்க்கிற புத்தி போகவில்லை.

அந்தப் பதவியில் இருந்தபோதுதான் அதைச் செய்தார். நான் அமைத்த இயற்பியல் வினாத்தாளில் ஒரு சிறு அச்சுப்பிழை. ஒரு லென்சின் குவியத்தூரம் சென்டிமீட்டரில் வர வேண்டியது, மீட்டரில் வந்துவிட்டது. "பேராசிரியர் ஏகாம்பரம் அமைத்த வினாத்தாளில் பிழை" என்று சுற்றறிக்கை அடித்து எல்லாத் துறைக்கும் அனுப்பினார். பக்கத்து வீட்டுக்காரர், பத்து வருட நண்பர், முதலில் என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேன்டீன் பலகையில்கூட ஒட்டியிருந்தது. அந்த வருடமே வேலையை விட்டேன்.

மே 13, செவ்வாய்

154/94. எழுத ஒன்றுமில்லை. அது உட்கார்ந்திருக்கிறது.

மே 16, வெள்ளி

138/88. கருவி பழுதாகியிருக்கலாம்.

கத்திரி வெயில். சுவர் பகலில் தொட முடியாமல் சுடுகிறது. துளைக்கு நேரே மேலே சுவரின் மீது ஒரு ஈரச் சாக்கைப் போட்டேன். செங்கல் வெடிப்பு விடாமல் இருப்பதற்காக. பக்கத்தில் மண்சட்டியில் தண்ணீர் வைத்தேன்.

"இடிக்கப் போற செவருக்கு வெடிப்பு வந்தா என்ன, வராட்டி என்ன?" என்றாள் காந்திமதி.

சாக்கின் மேல் இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். ஈரச் சாக்கு மாலையில் அந்தப் பக்கமும் வழியும்படி இழுத்துவிடப்பட்டிருந்தது. நான் போட்டபோது அப்படி இல்லை.

மே 20, செவ்வாய்

ஒரு செம்போத்து வந்தது. சிவப்புக் கண். சுவரின் மேலேயே நடந்து நடந்து துளைக்கு நேரே வந்து கழுத்தை வளைத்துப் பார்த்தது. ஆண் குண்டுகரிச்சான் உருவத்தில் அதற்குக் கால்வாசிகூட இல்லை, தலைமேல் பாய்ந்து பாய்ந்து கத்தியது. அது முருங்கையில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, காவல் இருந்திருக்கிறது. மே 5 அன்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

நான் குடையோடு ஓடிக் கைதட்டினேன். அதே நேரத்தில் அந்தப் பக்கமும் கைதட்டும் சத்தம். செம்போத்து எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தெருவைப் பார்க்கப் பறந்தது. நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தோம். அவர் தலை தெரிந்தது. நான் குடையைத் தாழ்த்திக்கொண்டேன்.

மே 24, சனி

பொரிந்துவிட்டது. காலை ஆறே காலுக்குப் பெண் பறவை பாதி ஓட்டைக் கவ்விக்கொண்டு போய்த் தூரத்தில் போட்டது. ஏன் அவ்வளவு தூரம்? கூட்டுக்கு அடியில் ஓடு கிடந்தால் எதிரிக்கு விலாசம் சொன்னது மாதிரி ஆகிவிடும் என்றுதான் இருக்க வேண்டும். யாரிடமும் கேட்காமல் நானே யோசித்தது.

ஏழு மணிக்கு காந்திமதி வந்து, "ஓட்ட தூரமா கொண்டு போடுதே, எதுக்குன்னு தெரியுமா" என்று ஆரம்பித்தாள். தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் பதின்மூன்று, பதினான்கு நாளில் குஞ்சுகள் வெளியே வரும் என்று கணக்கு. ஜூன் 6 அல்லது 7. சுவர் இடிப்பது ஜூன் 4.

மே 25, ஞாயிறு

லூர்துவைக் கூப்பிட்டேன். நாலாம் தேதி தவறினால் வள்ளியூரில் ஒரு கோயில் வேலைக்குப் போய்விடுவாராம். அடுத்த வாஸ்து நாள் ஆடியில்தான்.

"ஆடியில வச்சுக்கிடுவோமே," என்றாள் காந்திமதி. "எட்டு வருசம் பொறுத்தவுகளுக்கு ரெண்டு மாசம் பெருசா?"

"நான் பின்வாங்கிட்டேன்னு அந்த ஆள் நினைப்பார்."

"அவர் நெனைக்கது இருக்கட்டும். அந்த அஞ்சும் செத்துப்போச்சுன்னா நீங்க என்ன நெனைப்பிய?"

அவளுக்கு எதையும் எளிமையாக்கத்தான் தெரியும்.

மே 28, புதன்

காலை ஆறு முதல் மாலை ஆறு வரை உட்கார்ந்து எண்ணினேன். 214 தடவை இரை. பெண் 131, ஆண் 83. புழு, வெட்டுக்கிளி, ஒரு தடவை குட்டிப் பூரான். உள்ளே போகும்போது அலகில் இரை. வெளியே வரும்போது சில நேரம் வெள்ளையாக ஒரு பொட்டலம். வெகுநேரம் கழித்துத்தான் புரிந்தது, குஞ்சின் எச்சம். அது ஒரு உறைக்குள் வருகிறது. கூடு அழுக்காகாமல் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஐம்பத்தைந்து வயது வரைக்கும் இது எனக்குத் தெரியாது. இன்னும் என்னவெல்லாம் தெரியாமல் இருக்கிறேனோ.

பகல் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்தால் வேண்டாத நினைப்பெல்லாம் வரும். அந்த வினாத்தாளின் கையெழுத்துப் பிரதி பிறகு என்னிடமே திரும்பி வந்தது. பீரோவில் இருக்கிறது. அதில் என் கையெழுத்திலும் மீட்டர் என்றுதான் இருக்கிறது. இதை யாரும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை.

மே 31, சனி

காந்திமதி வழியாகச் செய்தி வந்தது. "ஆறு, ஏழு தேதி வர கூட்ட அசைக்கக் கூடாதாம். மூணு நாள் தள்ளிப் போட்டா உத்தமம்னு சொல்லச் சொன்னாராம்."

சொல்லச் சொன்னாராம்! மறுபடியும் சுற்றறிக்கை. நானே தள்ளிப்போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இனி எப்படித் தள்ளுவது?

சாயங்காலம் வரை யோசித்து ஒரு வழி கண்டேன். நாலாம் தேதி வேலையைத் தொடங்கிவிட வேண்டியது. ஆனால் சுவரின் உச்சியில் இரண்டு வரிசைச் செங்கல்லை மட்டும் எடுப்பது. துளை கீழே இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகாது. மீதியைக் குஞ்சுகள் போன பிறகு லூர்துவின் ஆட்கள் வந்து இடித்துக்கொள்ளட்டும். வாஸ்துவும் தவறாது, என் வார்த்தையும் தவறாது.

லூர்துவுக்குப் போன் போட்டேன். "நாலாம் தேதி மேல மட்டும் இடிங்க. கீழ தொட வேண்டாம்." சரி சார் என்றார். காரணம் சொல்லவில்லை. ஒரு குருவிக்காக என்று கொத்தனாரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஜூன் 2, திங்கள்

குஞ்சுகளின் சத்தம் வாசல் வரை கேட்கிறது. துளை ஓரத்தில் ஒரு மஞ்சள் வாய் தெரிந்து மறைந்தது.

ஜூன் 4, புதன்

நிதானமாக எழுத முயல்கிறேன்.

லூர்து ஒன்பது மணிக்கு வருவதாகப் பேச்சு. பூஜைக்கு எலுமிச்சை இல்லை என்று காந்திமதி என்னை ஏழு மணிக்கு மார்க்கெட்டுக்கு அனுப்பினாள். வெயிலுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று லூர்துவும் இரண்டு ஆட்களும் ஏழரைக்கே வந்துவிட்டார்கள். காந்திமதி குளித்துக்கொண்டிருந்தாள். மோட்டார் ஓடியதால் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

எட்டரைக்கு நான் திரும்பும்போது சுவரின் தென்பாதி இல்லை. தரைமட்டம். துளைக்கு மூன்றடி தூரத்தில் இடிப்பு நின்றிருந்தது. அந்த மூன்றடியில், என் மனைக்குள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார் நயினார். வேட்டி, பனியன், தோளில் துண்டு, மடியில் பேப்பர். உடம்பெல்லாம் செங்கல் தூசி. தலை நன்றாக நரைத்துவிட்டது. இவ்வளவு நாள் அவர் தலை தெரிந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டதில் எனக்கு அது படவில்லை.

லூர்து ஓடி வந்தார். "சார், இவுக எந்திரிக்க மாட்டேங்காவ. வீட்டுக்காரர் வரட்டும்னு ஒரே புடியா உக்காந்துட்டாவ."

"உங்களை யார் முழுசா இடிக்கச் சொன்னது? மேல மட்டும்தானே இடிக்கச் சொன்னேன்."

"மேல மட்டும்தான சார் இடிச்சிருக்கு. கீழச் செவத்துல நாங்க கையே வைக்கலையே." கிழக்குப் பக்கம், எங்கள் வீட்டின் இன்னொரு சுவரைக் காட்டினார். "அத ஏன் தொடப் போறோம், இவுக ஏன் இப்படிச் சொல்லுதாவன்னு நானும் நெனச்சேன். படிச்சவுக சொன்னா காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்."

இந்த ஊரில் மேல என்றால் மேற்கு. கீழ என்றால் கிழக்கு. தெருப் பெயர் முதல் வயல் எல்லை வரை அப்படித்தான். இருபத்தாறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு மேலே என்பது தலைக்கு மேலே. லூர்துவுக்கு அது மேலச் சுவர். குஞ்சுகள் இருக்கிற சுவர்.

லூர்து தவறாகப் புரிந்துகொண்டார் என்று சொல்ல வாக்கியம் தயாராக இருந்தது. இரண்டு ஆட்களும் கடப்பாரையை ஊன்றி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் வெளுத்துவிட்டது. நாலு பேர் பார்க்க ஒருவன் தலையில் பிழை வந்து விழும்போது முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"உங்க தப்பு இல்ல லூர்து. நான்தான் தப்பா சொன்னேன்."

நயினார் பேப்பரை மடித்தார். "லூர்து, தேதி, நேரம் போட்டு இத எங்கயாவது எழுதி வையும்" என்றார்.

எட்டு வருடத்துக்குப் பிறகு என் காதில் விழும்படி அவர் பேசிய முதல் வார்த்தை கேலி. கோபம் வர வேண்டும். அந்த நேரத்தில் வரவில்லை.

"குஞ்சு இருக்கா?" என்றேன்.

"அஞ்சும் இருக்கு. ஆனா தாயும் தகப்பனும் வரக் காணும். நாம இங்க நின்னா வராது. அந்தா அந்த வேப்ப மரத்தடிக்குப் போவோம். வாரும் வே."

வே. நெருங்கியவர்களைத்தான் இங்கே அப்படிக் கூப்பிடுவார்கள்.

லூர்துவின் ஆட்களை அனுப்பிவிட்டோம். ஒன்பது மணிக்குப் பறவைகள் வரவில்லை. ஒன்பதரைக்கு வரவில்லை. குஞ்சுகளின் கத்தல் குறைந்துகொண்டே வந்தது. காந்திமதி காப்பி கொண்டுவந்து வைத்தாள். இருவரும் தொடவில்லை. ஒன்பது ஐம்பதுக்கு ஆண் பறவை வாயில் புழுவோடு வந்து இடிபாட்டின் மேல் உட்கார்ந்தது. இடிந்த பக்கத்தைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, மறுபடி இடிந்த பக்கத்தைப் பார்த்தது. பிறகு உள்ளே போனது.

நயினார் ஆறிப்போன காப்பியை ஒரே மூச்சில் குடித்தார். "சீனி தூக்கல்" என்றார்.

ஜூன் 5, வியாழன்

நாள் முழுக்க வேப்ப மரத்தடியில். இரண்டு நாற்காலி. பேச்சு குறைவு. அவர் கேட்டார்:

"ஒரு நாளைக்கு எத்தன நடை இரை கொண்டு வருதுன்னு எண்ணுனீராமே?"

"இருநூத்திப் பதினாலு. நோட்டுல இருக்கு."

"ஆண், பெண் பிரிச்சா?"

"பிரிச்சுத்தான்."

"தாரும், பாத்துட்டுத் தாரேன். நான் அந்தப் பக்கம் இருந்து வெறும் செங்கல்லத்தான பாத்தேன்."

குஞ்சுகள் போன பிறகு தருகிறேன் என்றேன்.

ஜூன் 7, சனி

நேற்று மூன்று, இன்று காலை ஒன்று வெளியே வந்தன. வால் இல்லாத உருண்டைகள். பறப்பது என்பதைவிடக் குதித்து விழுவது. ஐந்தாவது துளை வாசலிலேயே நின்றது. தாய் புழுவைக் காட்டிக் காட்டிப் பின்னால் போனது. வரவில்லை.

"தள்ளி விடலாமா?" என்றேன்.

"சும்மா இரும் வே. உம்ம யாராவது தள்ளி விட்டாங்களா?"

பத்து மணி இருபதுக்கு அதுவாகவே குதித்தது. சுவர் நின்றிருந்த இடத்தில், செங்கல் தூளில் விழுந்து எழுந்து, முருங்கைக்குத் தத்திப் போனது. நாங்கள் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனோம்.

மாலை நோட்டைக் காந்திமதியிடம் கொடுத்தனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது, இதில் பறவை மட்டும் இல்லை. ஏப்ரல் 27-லிருந்து எல்லாமே இருக்கிறது. இதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன்.

ஜூன் 9, திங்கள்

நோட்டு வந்துவிட்டது. காந்திமதி கொடியில் துணி எடுக்கப் போனபோது வடிவு கொடுத்தாளாம்.

நான் எழுதியது ஒன்றையும் அவர் அடிக்கவில்லை, திருத்தவில்லை. மே 11-இல், சுற்றறிக்கை பற்றி எழுதிய இடத்தில், ஒன்றும் இல்லை. மே 28-இல், கையெழுத்துப் பிரதி பற்றி எழுதிய இடத்திலும், ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் மட்டும் சிறிய எழுத்தில் இப்படி இருக்கிறது:

"ஜூன் 4. நீங்கள் வருவதற்கு முன் நடந்தது என்பதால் இதில் இல்லை, சேர்த்துக்கொள்ளவும். காலை 7.40 முதல் கடப்பாரை. நான் செங்கல் துண்டை எடுத்துப் பார்த்தேன். பெண் பறவை உள்ளே இருந்தது. வாசல் திறந்துதான் கிடந்தது. சுவர் அதிர அதிர ஐந்தின் மேலும் இறக்கையை விரித்துப் படுத்திருந்தது. நான் போய் உட்கார்ந்து, இடிப்பது நின்ற பிறகுதான், 8.10-க்கு வெளியே பறந்தது. — ஆ. ந."

மூன்று தடவை படித்தேன். பதினொரு நாள் ஆன குஞ்சுகளின் மேல் பகலில் தாய் உட்காருவதில்லை. நான் எண்ணிய நாளில் ஒரு தடவைகூட உட்காரவில்லை. அன்று மட்டும் ஏன் இருந்தது? பயத்தில் அசையாமல் கிடந்ததா, தெரிந்தே இருந்ததா? இரண்டையும் வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க ஏதாவது வழி இருக்கிறதா?

இயற்பியலில் இதற்கு விடை இல்லை. காலையில் போய்க் கேட்க வேண்டும்.